ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்

விமானிகளின் பணி விதிகளில் ராஜினாமாவுக்கென்று ஒரு விதி இருந்தது. கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் நிர்வாகம் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். தரத் தவறினால் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும். அழகான விதி. எனக்கு மனப்பாடம். அதை எழுதியவர்களும் ஒருமுறை படித்திருக்கலாம்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் விமான நிறுவனத்தின் பம்பாய் தலைமை அலுவலகத்தில் என் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். முன்னறிவிப்புக் காலத்தை முழுதாகப் பறந்து முடித்தேன். பதில் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவி அங்கே அரசுப் பள்ளி ஆசிரியை. அவள் வேலை ஊரை விட்டு நகராது. என் வேலை ஓர் ஊரில் நிற்காது. எட்டு வருடம் துணை விமானியாக இருந்தேன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது அலமாரியின் மேல்தட்டிலிருந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த டம்ளரை எடுத்து எனக்குக் காபி ஊற்றினாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது.

விமானத்துக்கு முன்பு நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்று மின்வெட்டுக்குப் பயந்து சொந்தமாக மின் நிலையம் கட்டியிருந்தது. ஊரில் அதற்குப் பெயர் பவர் ஹவுஸ். பெரிய டீசல் இன்ஜின்கள். அவற்றுக்குப் பொறுப்பாளர் தேடினார்கள். மேனேஜர் தெலுங்கு பேசும் குடும்பத்துப் பெரியவர். என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏமப்பா, மேல போற ஆளு எதுக்குக் கீழ வாரீக?"

"வீடு கீழதான் சார் இருக்கு."

சிரித்தார். ஆனால் சிரிப்பு வேறு, நிர்வாகம் வேறு. "பழைய கம்பெனியில விடுவிச்ச கடிதம் வேணும். அது வார வரைக்கும் நீங்க தற்காலிகம். ஒரு வருஷம் பார்ப்பேன். பொறவு, மதுரையில ஒரு ஆளு எல்லாப் பேப்பரோடயும் காத்திருக்காரு."

நான் விதியைச் சொன்னேன். பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்றேன்.

"கருதப்படும்னா யாரு கருதணும்?"

விதியில் அதற்கென்று ஒரு பதவி குறிப்பிடப்படவில்லை. ஆக, பதில் வராவிட்டால் பவர் ஹவுஸ் போகும். சுற்றுவட்டாரத்தில் எனக்கேற்ற வேறு வேலை இல்லை. பம்பாயிலோ, ராஜினாமாவை யாரும் ஏற்காததால், என் பழைய இருக்கை இன்னும் என் பெயரிலேயே இருந்தது. மறுபடியும் விருந்தாளி டம்ளர்.

ஊர் தன் முடிவுக்கு முன்பே வந்துவிட்டது. தெருமுனையில் பாத்திரக் கடை வைத்திருந்த பாய், என்னை மாப்பிள்ளை முறை வைத்துக் கூப்பிடுபவர், ஒருநாள் கடைக்குள் அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ளதச் சொல்லுங்க மாப்ள. பிளேன எங்க இடிச்சீக?"

"எங்கயும் இடிக்கல மாமா."

"இடிக்காமயா எறக்கி விட்டான்? சரி விடுங்க, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் அதற்குள் யாரிடமெல்லாம் சொல்லியிருந்தார் என்பது பஸ் நிலையம் போய்ச் சேரும் வரை எனக்குக் கிடைத்த பார்வைகளில் தெரிந்தது.

பம்பாய்க்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன். முதலாவது 'தங்கள் மேலான கவனத்துக்கு'. இரண்டாவதோடு விதியின் நகல். மூன்றாவதோடு முதல் இரண்டின் நகல்கள். எல்லாம் பதிவுத் தபால். ஒப்புகை அட்டைகள் மட்டும் தவறாமல் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஆள் ஒரே பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதரோடு எனக்கு ஒருவித நட்பே ஏற்பட்டுவிட்டது.

"இன்னைக்கும் அவிய எழுதலையா?" என்பாள் மனைவி, பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்தபடி.

"எழுதல."

"பிளேன் ஓட்டத் தெரியுது. பேனா ஓட்டத் தெரியல."

பவர் ஹவுஸ் வேலை எனக்குப் பிடித்திருந்தது. மின்வெட்டு நேரத்துக்கு முன்பே இன்ஜினைக் கிளப்பி ஆலையின் மின்சுமையை அதற்கு மாற்றிவிட வேண்டும். பிந்தினால் நூற்கும் இயந்திரங்கள் நின்று இழைகள் மொத்தமாக அறும். அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டுகிற பெண்கள் அப்போது எங்கள் கட்டிடத்தைப் பார்த்து வாழ்த்துவது வாழ்த்தாக இருக்காது.

நான் வந்தபோது, இன்ஜினுக்கு முதலில் கற்பூரம் காட்டுவார்கள். மசகு எண்ணெய் பார்ப்பது, குளிர்விக்கும் தண்ணீரைத் திறப்பது போன்ற மற்றவை அவரவருக்கு நினைவு வந்த வரிசையில் நடக்கும். விமானத்தில் கிளம்புமுன் ஒருவர் பட்டியலை வாசிப்பார், மற்றவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் பதில் சொல்வார். அதையே இங்கேயும் கொண்டுவந்தேன். கற்பூரத்தை எடுத்தால் கலகம் வரும் என்பதால் அதை முதல் வரியாகச் சேர்த்தேன். விமானத்தில் அந்த வரி கிடையாது; இருந்திருந்தால் பயணிகளுக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் வாசிப்பேன். மூத்த ஆபரேட்டர் கைகட்டி நின்று பதில் சொல்வார்.

"கற்பூரம்?"

"ஆச்சு சார்."

"லூப் ஆயில்?"

"ஆச்சு சார்."

"கூலிங் வாட்டர்?"

"ஆச்சு சார்."

எட்டு வருடப் பறத்தலில் இவ்வளவு சுத்தமான பதில்களை நான் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.

வருடம் முடியும் தறுவாயில் ஒரு பிற்பகல், சுமை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் கொதித்துத் தானாக நின்றது. ஆலை இருண்டது. கூலிங் வாட்டர் வால்வு மூடியே இருந்தது.

"ஆச்சுன்னீரே?"

"ஆக்கிரலாம்னு இருந்தேன் சார்."

"அப்ப ஆகலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ஆபரேட்டர் என்னை, பண்பு தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எப்படி சார்? நீங்க பெரிய இடத்துல இருந்து கேக்கீக. அம்புட்டுப் பேரு முன்னால, மூஞ்சிக்கு நேரா இல்லேன்னா சொல்லுவாக? நீங்க மிச்சத்த வாசிச்சு முடிக்கதுக்குள்ள ஓடிப் போய்த் தொறந்துருவேன். தெனமும் அப்படித்தான். இன்னைக்கு நீங்க வெரசா வாசிச்சுட்டீக."

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பேப்பரும் வரல, இன்ஜினும் நிக்கி. மதுரை ஆளுக்கு எழுதட்டுமா?"

மாதக் கடைசி வரை அவகாசம் கேட்டேன். தந்தார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். விமானத்தில் வாசிப்பவன் நான். பதில் சொல்பவர் கேப்டன். சின்னவன் கேட்பான், பெரியவர் பதில் சொல்வார். பெரியவருக்கு 'இல்லை' என்று சொல்ல யாரிடமும் கூச்சமில்லை. பழக்கதோஷத்தில் பட்டியலை மட்டும் கொண்டுவந்தேன், இங்கே என் இருக்கை மாறியிருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் பட்டியலை ஆபரேட்டர் கையில் கொடுத்தேன்.

"நான் உங்களக் கேக்கவா சார்?"

"கேளும்."

முதல் இரண்டு நாள் அவர் குரல் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் தலைமையாசிரியர் குரல் வந்துவிட்டது. ஃபிட்டர்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டார்கள். வால்வுக்கு வால்வு ஓடியது நான்.

மாதக் கடைசியில் மேனேஜர் சொல்லாமல் வந்து கதவோரம் நின்றார். ஆபரேட்டர் அவரைப் பார்த்தார், ஆனாலும் நிறுத்தவில்லை.

"லூப் ஆயில்?"

"ஆச்சு."

"கூலிங் வாட்டர்?"

மேனேஜரைப் பார்த்தேன். வால்வைப் பார்த்தேன். "ஆகல."

"ஆகலன்னா போய்த் தொறங்க சார். கரண்டு போறதுக்கு இன்னும் செத்த நேரந்தான் இருக்கு."

ஓடினேன். திறந்தேன். இன்ஜின் கிளம்பிச் சுமை ஏறியது. வெளியே மின்சாரம் போனதை ஆலைக்குள் யாரும் உணரவில்லை.

மேனேஜர் என்னை வெளியே அழைத்துப் போனார். "இந்த மில்லுல ஒரு ஆபீசர் எனக்கு முன்னால ஆகலன்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன். தொரத்தி விட்ட ஆளா இருந்தா எல்லாத்துக்கும் ஆச்சு ஆச்சுன்னுதான் சொல்லியிருப்பான்." மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு ஒரு விதி சொன்னீகளே. ஏத்துக்கிட்டதா என்னமோ."

"கருதப்படும் சார்."

"சரி. நான் கருதிட்டேன்."

அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அன்று மாலை மனைவி, விளிம்பு நசுங்கிய தினசரி டம்ளரில் காபி கொடுத்தாள். காபி சுமார்தான்.

அதன் பிறகும் வருடத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தேன். தேவை போய்விட்டது, நடைமுறை போகவில்லை. ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்து ஊர் தூங்கி வழிந்த ஒரு வாரத்தில் தபால்காரர் பம்பாய்ப் பதிவுத் தபால் ஒன்றை நீட்டினார். என் ராஜினாமாவை நிர்வாகம் உரிய முறையில் பரிசீலித்து ஏற்றுக்கொள்வதாக இரண்டு வரி. தெருவில் போய்க்கொண்டிருந்த பாய் எட்டிப் பார்த்தார்.

"இப்பயாச்சும் எங்க இடிச்சீகன்னு எழுதிருக்கானா மாப்ள?"

ஒப்புகை அட்டையில் பச்சை மையால் கையெழுத்துப் போட ஆசைப்பட்டேன். வீட்டில் நீலம்தான் இருந்தது. தேதியும் போடுங்கள் என்றார் தபால்காரர். போட்டேன்: 1993, ஜூலை 26.