ரயில் மாறும் ஊரில் குடியிருந்த சரோ அக்கா

சரோ அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு மரண அறிவித்தலாகத் தொலைபேசியில் வந்தது. காலை வேலை முடிந்து பாசலில் ட்ராமுக்குள் ஏறி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் சூரிச்சை வதிவிடமாகவும் கொண்ட திருமதி சரோஜினிதேவி" என்று இருந்தது. வேறு யாரோ என்று நினைத்து, "பாவம்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். இரண்டு தரிப்பிடம் தாண்டித்தான் மனம் கேட்காமல் திரும்பிப் போய்ப் படத்தைப் பார்த்தேன். அக்காதான். வயலட் சேலை, கொஞ்சம் சரிந்த பொட்டு. அழுகை வருவதற்கு முதல் எனக்குக் கோபம் வந்தது. சூரிச்சாம்!

இந்த ஒரு வருடத்தில் நான் எழுதும் நான்காவது அஞ்சலி இது. கை களைத்துவிட்டது. சுவிஸில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் கூடி நடத்தும் ஊர் ஒன்றியத்துக்கு இருபது வருடங்களுக்கு மேலாகச் செயலாளராக இருப்பதால், யார் போனாலும் "நீங்கள்தானே எழுத வேணும்" என்று என் தலையில் கட்டிவிடுகிறார்கள். மற்ற மூன்றையும் ஒருவிதமாக எழுதி முடித்தேன். இதை எழுத உட்கார்ந்தால் எழுந்து போகத்தான் மனம் வருகிறது. ஏனென்றால் அக்கா என்னிடம் ஒரேயொரு விசயம்தான் கேட்டார், அதை நான் கொடுக்கவில்லை.

அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவர் முப்பது வருடம் குடியிருந்தது ஓல்டனில். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓல்டன் என்றால் சுவிஸில் இருக்கும் எங்களுக்கெல்லாம் ரயில் மாறும் இடம். பாசல், சூரிச், பேர்ண், லுசேர்ன், எங்கிருந்து வந்தாலும் ஏறக்குறைய அரை மணித்தியாலம். அதனால் சுவிஸ்காரர்கள் நாடளாவிய கூட்டங்களை அங்கே வைப்பார்கள். அவர்களைப் பார்த்து நாங்களும் வைத்தோம். ரயிலால் இறங்குவோம். நிலையத்துக்கு அருகே வாடகைக்கு எடுத்த அறைக்குள் போவோம். ஊர்க் கோயில் திருப்பணிக்கு யார் பொறுப்பு என்று சண்டை பிடிப்போம். அக்கா கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டுச் சமாதானமாவோம். ஆறு மணி ரயிலுக்கு ஓடுவோம். கூட்டக் குறிப்பில் "இடம்: ஓல்டன்" என்று நான் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அந்த ஊரில் ஒரு தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அக்கா ஒவ்வொரு முறையும் சொல்லுவார்: "நீங்கள் ஒருத்தரும் ஓல்டனுக்கு வாறேல்லை. ஓல்டன் ஸ்ரேசனுக்குத்தான் வாறியள்." எல்லோரும் சிரிப்போம். பிறகு என்னைப் பார்த்து, "பாலத்தைத் தாண்டினா அஞ்சு நிமிசம் தம்பி. ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்பார்.

"அடுத்தமுறை கட்டாயம் வாறன் அக்கா."

"உங்கட அடுத்தமுறை வர எனக்கு நூறு வயசாப் போயிடும்."

ஒரு கார்த்திகை மாதம், கூட்டம் முடிந்து நிலையத்துக்குப் போனால் ரயில் ஒன்றும் ஓடவில்லை. மின்கம்பி அறுந்துவிட்டது, இரண்டு மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் கோப்பிக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். நான் மேடையில் நின்று புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கைப்பையைப் பறித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். பை போனால் ஆளும் போகத்தானே வேண்டும்?

முதலில் நிலையத்துக்குள்ளேயே ஒரு கல்லைக் காட்டினார். இந்த நாட்டு ரயில் பாதைகளின் தூரத்தை அளக்கத் தொடங்கிய இடமாம். அக்கா அந்த நிலையத்தில் ரயில் பெட்டி கழுவும் வேலை செய்தவர். "இதுக்குப் பக்கத்தில இருந்துதான் நான் மத்தியானம் பாண் சாப்பிடுறனான்" என்றார். எத்தனையோ தரம் அந்தக் கல்லைத் தாண்டி ஓடியிருக்கிறேன். கண்ணில் பட்டதேயில்லை.

பிறகு ஆற்றங்கரை. ஆரே ஆற்றின் மேல் மூடுபனி, அதற்குள் கூரை போட்ட ஒரு மரப்பாலம். எங்கள் காலடிச் சத்தம் பலகையில் டொக்கு டொக்கென்று கேட்டது. முன்னர் நின்ற பாலம் பிரெஞ்சுப் படை வந்த காலத்தில் எரிந்துபோய், சனங்கள் திரும்பக் கட்டியதுதான் இது என்றார். மரத்தூண் ஒன்றை மாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டு நின்றார். பாலம் முடிய நெருக்கமான பழைய வீடுகள், பச்சை யன்னல் கதவுகள், ஒரு சின்னச் சதுக்கம். அதன் நடுவே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் தனியே நின்றது. பக்கத்தில் தேவாலயத்தைக் காணவில்லை.

"கோயில் எங்கை அக்கா?"

"வேற இடத்தில பெருசாக் கட்டின பிறகு பழசை இடிச்சுப்போட்டினம். கோபுரத்தில கை வைக்க மனம் வரேல்லைப் போல. மனிசர்தானே, எங்கையும் ஒரே மாதிரித்தான்."

இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது படித்தாராம். "பாலம் எரிஞ்ச கதை, கோபுரக் கதை எல்லாம் ஜெர்மனில பாடமாக்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போனன் தம்பி. அவையள் குப்பைப் பை எங்கை வாங்குறனீங்கள் எண்டு கேட்டினம்!"

"பிறகு?"

"பிறகென்ன, சொன்னன். ஆனா நான் விடேல்லை. பாலத்தின்ர கதையையும் சொல்லிப்போட்டுத்தான் கதிரையால எழும்பினன்."

நான் அந்தக் குளிரில் வாய்விட்டுச் சிரித்தேன். சூரிச்சில் மகன் இருக்கிறான், எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, ஏன் அங்கே போகவில்லை என்றும் கேட்டேன். அக்கா என் கைப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "எல்லாரும் மாறிப் போற இடத்தில நான் நிண்டிட்டன். நிண்ட ஆளுக்கும் ஒரு ஊர் வேணும்தானே? முதல் வரியம் இந்த மூடுபனியைப் பாத்துப் பாத்து அழுதனான். பிறகு இதென்ன ஊர் எண்டு பாப்பம் எண்டு வெளிக்கிட்டன். பிடிச்சுப் போச்சு."

திரும்பி வரும்போதுதான் அதைக் கேட்டார். வருடாந்தக் கூட்டத்தன்று எல்லோரையும் அரை நாள் முந்தி வரச்சொல்லி, ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். "நான் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் நிகழ்ச்சி நிரலில போட்டாக் காணும்." போடுகிறேன் என்றேன். போட்டேன். கடைசியில், "ஏனையவை" என்ற தலைப்புக்குக் கீழே. அந்தத் தலைப்புக்கு நாங்கள் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை; அதற்குள் ஆறு மணி ரயில் வந்துவிடும். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். எனக்கு முழங்கால் நோ, வேலைக் களை, காலை நாலரைக்கு எழும்ப வேண்டும் என்று ஆயிரம் சாட்டு. போன வருடக் கூட்டத்தில் அக்கா கேட்கவேயில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அறிவித்தல் வந்த அன்று மாலை அக்காவின் மகன் நிரோசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். துக்கம் விசாரித்த கையோடு, "ஏன் தம்பி சூரிச் எண்டு போட்டனீங்கள்? அம்மா இருந்தது ஓல்டன் எல்லோ?" என்றேன்.

"மாமா, கடைசி நாலு மாசம் அம்மா என்னோடதானே. ஓல்டன் எண்டு போட்டா ஊரில ஆருக்குத் தெரியும்?"

எனக்கு நெருப்புப் பிடித்ததுபோல இருந்தது. "ஆருக்குத் தெரியாட்டிலும் அவவுக்குத் தெரியும்! அவ வாழ்ந்த இடத்தை எப்பிடி மாத்துவியள்?" என்று கத்திவிட்டேன்.

அவன் கத்தவில்லை. நல்ல பிள்ளை. மெதுவாகத்தான் கேட்டான்: "நீங்கள் எத்தினை வரியமா ஓல்டனுக்கு வாறியள் மாமா? அம்மான்ர வீட்டை எத்தினை தரம் போனனீங்கள்?"

ஒருதரமும் போகவில்லை. அன்று சுற்றிக் காட்டியபோதுகூட, "அந்தா, மூண்டாம் மாடி, வாங்கோ ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கையைக் காட்டினார். ரயில் ஓடத் தொடங்கியிருக்கும் என்று சொல்லி நான் போகவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன். மறுநாள் அவனே அறிவித்தலைத் திருத்திப் போட்டான். எனக்கு அதில் சந்தோசப்பட ஒன்றும் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கிழமை ஒன்றியத்தின் அஞ்சலிக் கூட்டம் வழமையான அறையில் நடந்தது. இந்தமுறை கூட்டத்துக்கு முதல் ஊரைச் சுற்றி நடப்பது என்று நிரலின் தலையில் எழுதி அனுப்பினேன். முப்பது பேரில் பதினொரு பேர் முந்தி வந்தார்கள். அக்கா நடத்திச் சென்ற அதே வழியில் நான் முன்னால் போனேன். கல்லைக் காட்டினேன், பாலத்தின் கதையைச் சொன்னேன், குப்பைப் பைக் கதையைச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கோபுரத்தடியில் நிற்கும்போது பேர்ணிலிருந்து வந்த மலர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணை, இதில மேல ஏறலாமோ? அக்கா ஏறிப் பாத்தவவோ?"

"தெரியேல்லை பிள்ளை" என்றேன்.

"அங்கால அந்தத் தெரு எங்கை போகுது?"

அதுவும் தெரியவில்லை. அக்கா அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டவர்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் திரும்பிவிட்டார். பதினொரு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வாங்கோ, கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவரிடம் முப்பது வருடத்து ஓல்டன் இருந்தது, அள்ளித் தரக் காத்திருந்தார். நான் வைத்திருப்பது அதில் இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தையும் நானாக அவருக்குக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ரயில் ஓடவில்லை, அவ்வளவுதான்.