வெலிகாவின் தக்காளிக் குடில்

மார்ச் கடைசி வாரம். நாரைகள் திரும்பி வந்து மின்கம்பத்தில் கூட்டைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டன. வசந்தத்தை வரவேற்க மாதம் முழுக்க மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலை அவிழ்த்து, ஊரில் எல்லோரையும் போல வெலிகாவும் வாசல் மரத்தில் கட்டியாயிற்று. குளிர்காலம் ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கியவள், வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தால், முற்றத்தில் கணுக்கால் ஆழத்துக்குப் பனி.

"கட்டையிலே போக!" என்று வானத்தைப் பார்த்துத் திட்டினாள். "குளிர்காலம் மூணு மாசத்துல பெய்ய நேரமில்லையா உனக்கு?"

வெலிகாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பக்கத்து நகரமான ஸ்ட்ரூமித்ஸாவில் ஒரு தையல் ஆலையில் இருபத்தோரு வருடம் சட்டைக் காலர் தைத்தவள். ஆலையை மூடியதும் கூட வேலை பார்த்த பெண்கள் ஜெர்மனி, இத்தாலி என்று கிளம்பிப் போனார்கள். இவள் மட்டும், இறந்துபோன கணவனின் நிலத்தில் இரண்டு பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள் போட்டாள். காலர் தைத்தவளுக்குத் தக்காளியைப் பற்றி என்ன தெரியும் என்று காபிக்கடையில் சிரித்தவர்களில் முதல் ஆள் கணவனின் தம்பி ரிஸ்டே. மூன்றாம் வருடம் அவனே நாற்றுக்கு அவளிடம் வந்து நின்றான்.

துடைப்பத்தின் நுனியில் பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெலிகா தக்காளிக் குடிலுக்குள் ஓடினாள். ஈரப்பனி, கல்லாய்க் கனத்தது. கூரை பிள்ளைத்தாய்ச்சி வயிறு போலத் தொங்கியது. உள்ளிருந்து மேல்நோக்கிக் குத்தினாள். பனி சரிந்து விழுந்தது. வரிசை முடிந்து திரும்புவதற்குள் முதல் இடத்தில் மறுபடி சேர்ந்திருந்தது.

ரிஸ்டே வந்து வாசலில் நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"என் குடில் உட்கார்ந்திருச்சு அண்ணி. கம்பியெல்லாம் வளைஞ்சு போச்சு. உங்களுதும் போகத்தான் போகுது. விட்டுட்டு உள்ள வாங்க. இயற்கையோட மல்லுக்கட்ட முடியுமா?"

"மல்லுக்கு வந்தது அதுதான் தம்பி, நானில்ல."

"தனியாளா ரெண்டு குடிலை எப்படிக் காப்பாத்துவீங்க?"

வெலிகா நின்றாள். அவன் கேட்டது நியாயம்தான். இந்தக் குடிலில் தக்காளி மண்ணில் வேர்பிடித்துவிட்டது, அதை நகர்த்த முடியாது. அடுத்த குடிலில் மிளகாய் நாற்று இன்னும் தட்டுகளில் இருந்தது. துடைப்பத்தை ரிஸ்டே கையில் திணித்தாள்.

"நீங்க இங்க குத்துங்க. நிறுத்துனீங்கன்னா கொன்னுருவேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"மிளகாயை வீட்டுக்குள்ள கொண்டுபோகப் போறேன்."

எழுபது தட்டுகள். மார்போடு அணைத்துத் தூக்கினாள். கட்டிலில் வைத்தாள், சாப்பாட்டு மேசையில் வைத்தாள், தொலைக்காட்சியின் முன்னே, குளியல் தொட்டிக்குள், கணவனின் புகைப்படம் இருந்த அலமாரியில். "கொஞ்சம் தள்ளிக்கோ," என்று படத்தை ஓரமாக நகர்த்தினாள். கடைசித் தட்டு வெளியே வந்ததும், காய்கறி நறுக்கும் கத்தியால் அந்தக் குடிலின் கூரையை நீளவாக்கில் கிழித்தாள். புதுப் பிளாஸ்டிக், போன இலையுதிர்காலத்தில் போட்டது. பனி மொத்தமும் சரிந்து உள்ளே கொட்டியது. கம்பிச் சட்டம் மட்டும் வளையாமல் நின்றது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ரிஸ்டே வாயைப் பிளந்தான். "சொந்தக் கையாலேயே கிழிச்சிட்டீங்களே!"

"பிளாஸ்டிக் இன்னொண்ணு வாங்கலாம். நீங்க மேல பாருங்க, தொங்குது!"

மதியம் வரை இருவரும் தோள் கழன்றுவிடும்போல மாறி மாறிக் குத்தினார்கள். இரண்டு மணிக்குப் பனி மழையாக மாறியது. தக்காளிக் குடில் நின்றது. ரிஸ்டே நாற்றுகளுக்கு நடுவே சமையலறையில் நின்றுகொண்டே பீன்ஸ் சூப் குடித்தான். உட்கார ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை.

புதுப் பிளாஸ்டிக் வாங்கிப் போடும்வரை, இரண்டு வாரம், வெலிகா அடுப்பருகே தரையில் படுத்தாள். வெளிச்சம் போதாமல் மிளகாயில் மூன்றில் ஒரு பங்கு வெளிறிச் செத்தது. தக்காளி பிழைத்தது, மே மாதக் கடைசியில், ஊரிலேயே முதலாவதாக, அவளுடைய பெட்டிகள்தான் சந்தைக்குப் போயின.

அடுத்த பிப்ரவரியில் ரிஸ்டே பவ்யமாக ஆரம்பித்தான்: "இந்த வருஷமாவது ஏப்ரல் வரைக்கும் பொறுத்துத் தக்காளியை நடலாமே அண்ணி?"

"எப்பவும் போல மார்ச் பதினஞ்சுதான்," என்றாள் வெலிகா. "அதுக்கு முன்னால உங்க குடிலோட வளைஞ்ச கம்பியை நிமிர்த்துங்க. நானும் ஒரு கை பிடிக்கிறேன்."