என் காதைக் கிழித்த கை

என் வலது காதைக் கிழித்தது கடவுள் இல்லை. என் அண்ணன். கையை விரித்து, தோளிலிருந்து வீசி, ஒரே அறை. அந்த அறையைத்தான் அவர் இப்போது மேடை மேடையாகக் கடவுள் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் வாதம் எப்போதும் கையில்தான் முடியும். அப்பா மிஷன் பள்ளியில் கிளார்க். மாலை ஜெபத்தில் வசனம் ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தை தவறினால் மரஸ்கேல் கணுக்காலில் விழும். அண்ணனுக்குத் தவறாது. எனக்குத் தவறும். எட்டாம் வகுப்பில் பெயிலாகி, நடக்க முடியாத அளவுக்கு அடி வாங்கினேன். கால் வீக்கம் வற்றியதும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறிவிட்டேன். அண்ணன் படித்தார். அதே பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஆனார். கே.கே. நகரில் வீடு கட்டினார். வேதத்தில் உள்ளதெல்லாம் விஞ்ஞானப்படியும் சரித்திரப்படியும் சரி என்று நிரூபிக்கிற பிரசங்கியாகவும் ஆனார்.

என் வேலை பூமியை அடிப்பது. கம்ப்ரசர் உறும, இரும்புச் சம்மட்டி கீழே இறங்கிப் பாறையை நொறுக்கும். நொறுங்கிய தூளைக் காற்று மேலே துப்பும். தூளின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன கல், தண்ணீர் வருமா வராதா என்று சொல்லிவிடுவேன். மழை பொய்த்த வருடங்களில் பேரையூர்ப் பக்கம் ஓய்வே கிடையாது. நிலத்துக்காரருக்குக் காட்ட அந்தத் தூளைச் சின்னச் சின்னப் பையில் கட்டி வைப்போம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு. கோயில் ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு. அவர், மதினி, நான், சபை மூப்பர்கள் இரண்டு பேர். மூன்று வயது மகளோடு என் மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள். திருமங்கலத்தில் நடக்கப்போகும் மூன்று நாள் கூட்டத்துக்காக அண்ணன் குறிப்புகளைப் பரப்பி வைத்திருந்தார். பூமி முழுக்க மூடிய பெருவெள்ளம் உண்மையில் நடந்தது, அதன் வண்டல் எல்லா ஊரிலும் மண்ணுக்கடியில் கிடக்கிறது என்பது பேச்சு. மூப்பர்களை நம்பவைக்க என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

"இவன்தான் தினம் பூமியைத் துளைக்கிறவன். நீ சொல்லுடா. வண்டல் படிவம் வருதா இல்லையா?"

நான் ஆட்டுக்கறி எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன். "மேல கரிசல், அப்புறம் சுக்கான் பாறை, அதுக்குக் கீழ அறுநூறு அடிக்கும் கல்லுதாண்ணே. ஒரு மீன் முள்ளுகூட வரலை."

"சரியாப் பாத்திருக்க மாட்ட."

"அம்புட்டுத் தண்ணி பேரையூருக்கு வந்திருந்தா, அந்த ஊர்க்காரன் எதுக்குண்ணே எங்கிட்ட வாரான்?"

மூப்பர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வெடித்துச் சோறு புரையேறியது. மற்றவர் அவர் தலையில் தட்டித் தட்டித் தானும் சிரித்தார். மதினியும் வாயை முந்தானையால் மூடினாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"எட்டாவது பெயிலானவன் எனக்கு விஞ்ஞானம் சொல்லித் தாரியா?"

"எட்டாவது பெயிலானவன் கையிலதாண்ணே கல்லு இருக்கு. உங்க கையில பேப்பருதான் இருக்கு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வேலைப் பையிலிருந்து பேரையூர்க் கல்தூளை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, அவருடைய குறிப்புகள்மேல் கொட்டினேன். "இந்தா, இதுலருந்து வெள்ளத்தைப் பொறுக்கி எடுங்க" என்றேன். இதில் என் தப்பும் இருக்கிறது. எழுதிவிட்டேன். ஆனால் நான் கொட்டியது குறிப்புகள்மேல். வேதத்தின்மேல் ஒரு துளித் தூள்கூடப் படவில்லை. ஏனென்றால் அது அண்ணன் மடியில் இருந்தது.

அவர் எழுந்தார். மடியில் இருந்த வேதத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் திரும்பி வந்து அறைந்தார். யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது.

காதுக்குள் டியூப் வெடித்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு விசில். இரண்டாவது அடி கழுத்தில். நான் கையில் கிடைத்த தண்ணீர்ச் செம்பை வீசி அவர் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு உடைந்து என் சட்டையில் விழுந்தன. இருவரும் கட்டிப் புரண்டோம். குழம்புச் சட்டி கவிழ்ந்தது. அவர் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினார், நான் அவர் விலாவில் உதைத்தேன். அப்பாவிடம் வாங்கியதை எல்லாம் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. மூப்பர்கள் இழுத்துப் பிரித்தார்கள். என் தோளில் ரத்தம் சொட்டியதைப் பார்த்து மதினி கத்தினாள்: "காதுலயா அடிப்பீங்க, மனுசனா நீங்க!"

பக்கத்துத் தெருக் கிளினிக்குக்கு அண்ணனும் வந்தார், வாயில் துண்டை அழுத்திக்கொண்டு. "ரிக் வேலை சார், கம்ப்ரசர் சத்தத்துல போயிருக்கும்" என்றார். டாக்டர் என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். "கம்ப்ரசர் அஞ்சு விரல் தடம் வைக்காது" என்றார். செவிப்பறை கிழிந்திருந்தது. ஆறிவிடும் என்றார். ஆறவில்லை. ரிக்கின் தூசியும் சகதியும் உள்ளே போய்ச் சீழ் பிடித்தது. ஒரு வருடத்தில் அந்தக் காது செத்துப்போனது. அண்ணன் ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். பழத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்.

அடியை நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழு வருடம் கழித்துத் திருமங்கலத்தில் அதே மாதிரி ஒரு கூட்டம். என் மகளுக்குப் பத்து வயது. மதினியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்று, இடது காதை ஒலிபெருக்கிக்குக் காட்டி அண்ணன் பேச்சைக் கேட்டேன்.

"எனக்கு ஒரு தம்பி. ரிக் வண்டிமேல் ஏறி நின்று வேதத்தைக் கிழித்தான். வானத்தில் மேகமே இல்லை. அந்த நிமிஷமே கர்த்தருடைய கரம் இடியாய் இறங்கியது. இன்றைக்கு அவனுக்கு ஒரு காது கிடையாது. விஞ்ஞானம் இதற்கு என்ன விளக்கம் சொல்லும்?"

கூட்டம் ஸ்தோத்திரம் போட்டது. மேடையில் அன்றைக்குப் புரையேறிய மூப்பர் உட்கார்ந்திருந்தார். அவரும் தலையாட்டினார்.

பழைய வேதங்களில் உள்ளது நடந்ததா, இட்டுக்கட்டியதா என்று படித்தவர்கள் வாதிக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் இன்னமும் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் ஒன்று தெரியும். பார்த்தவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே, பத்து மைல் தூரத்தில், ஏழே வருடத்தில், ஒரு வாத்தியாரின் கை இடியாக மாறியது. அன்றிலிருந்து எந்தப் பழைய கதையைக் கேட்டாலும் எனக்குள் ஒரே கேள்விதான் வருகிறது: பக்கத்தில் நின்றவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள்?

நான் பேசப் போனேன். மேடைப் படியில் ஏறி மைக்கைப் பிடுங்கினேன். "எவன்டா குடிகாரப் பய" என்று தொண்டர்கள் நாலு பேர் இழுத்துப் போட்டார்கள். நான் குடிப்பதில்லை. சவுக்குக் கம்பால் முதுகில் அடித்தார்கள், விழுந்தபின் விலாவில் மிதித்தார்கள். அண்ணன் மைக்கில் "ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் மகள் மட்டும் மூடவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "பெரியப்பாதாம்மா அடிச்சாரு."

"பெரியப்பா பொய் சொல்ல மாட்டாரு. வேதத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னாரு."

"நான் பொய் சொல்றனா?"

அவள் எழுந்து அம்மாவிடம் போய்விட்டாள். மறுநாள் மாலை ஜெபத்தில், என் கேட்காத காதுப் பக்கம் உட்கார்ந்து, முணுமுணுவென்று வேண்டினாள். அவள் என்ன வேண்டினாள் என்று என் மனைவிதான் சொன்னாள்: "அப்பாவோட இன்னொரு காதையாவது விட்டுரும் ஆண்டவரே." மேகம் கறுத்தால் மகள் என்னை வெளியே விடமாட்டேன் என்கிறாள். வேலைக்குப் போகும்போது சட்டையைப் பிடித்து அழுகிறாள். தன் அப்பனை அடித்த கடவுளுக்குப் பயந்து அவளுக்குத் தூக்கத்தில் உடம்பு உதறுகிறது.

மதினியிடம் போய்க் கேட்டேன். அன்றைக்குப் பார்த்ததை என் மகளிடம் மட்டும் சொல்லும்படி கெஞ்சினேன். மதினி அழுதாள். "அவர் வாயால சொன்னாத்தான் தம்பி புள்ள நம்பும்" என்றாள்.

சரி. அவர் வாயாலேயே வரட்டும்.

அண்ணே, வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம். பழம் வாங்கி வர வேண்டாம். உங்கள் பல்லை உடைத்தது நான்தான் என்று எந்த மேடையிலும் நான் சொல்லத் தயார். நீங்கள் தயாரா? அடுத்த கூட்டத்தில், அதே திருமங்கலத்தில், என் மகளை முன்வரிசையில் உட்காரவைக்கிறேன். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். உங்கள் தம்பியை அடித்தது கடவுளா, நீங்களா? எல்லோருக்கும் கேட்கும்படி, அடித்தவர் பெயரைச் சொல்லுங்கள்.