கோமதி காத்திருந்த ஃபெரி

கமால் பாய் காலமாகிவிட்டார். சென்ற வாரம், டாக்காவில். அவருடைய மகன் நேற்று தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

இங்கே மலேசியாவில் பலருக்கு அவரைத் தெரியாது. வங்காளதேசத்தில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். பிறகு சொந்தமாகப் படம் தயாரிக்க இறங்கியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எடுத்த குழந்தைகள் படம் பெரும்பாலும் பினாங்கில் எடுக்கப்பட்டது.

செய்தி கேட்டதும் எனக்கு டீசல் புகையும் கடல் சேற்று வாடையும்தான் நினைவுக்கு வந்தன... மழைக்கு முந்தைய ஒரு மாலை, ஃபெரி துறை.

அப்போது நான் நாளிதழ் நிருபர். செய்தி எடுக்கப் போனவனை அவர் மொழிபெயர்ப்பாளராகப் பிடித்துக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். நடித்தவள் சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருந்த கோமதி. ஏழு வயது. தமிழிலேயே பேசி நடித்தாள். வங்காளக் குரலை டாக்காவில் சேர்ப்பதாக ஏற்பாடு.

எந்தக் கதையையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்காமல் கமால் பாய் அச்சுக்குக் கொடுத்ததில்லை. கேட்கிற பிள்ளை காலைச் சொறிந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுவார். இந்தக் கதையையும் அடுக்குமாடிக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார்.

முடிவை மட்டும் சொல்லவில்லை.

கதை சின்னது. அக்கரைக்கு வேலைக்குப் போன அப்பா ஒருநாள் திரும்பவில்லை. மகள் ஃபெரி துறையில் நிற்கிறாள். எல்லாரும் இறங்கிப் போகிறார்கள். அப்பா வரவில்லை. அவ்வளவுதான். ஆனால் கோமதியிடம், அப்பா இறங்கி வருவார், பார்த்துக்கொண்டே நில் என்று என்னைச் சொல்லச் சொன்னார். அவள் முகத்தில் அந்த எதிர்பார்ப்பு நிஜமாக வேண்டுமாம்.

வந்தது. ஃபெரியிலிருந்து கடைசி ஆளும் இறங்கினார். கேமரா நின்றது. அவள் நகரவில்லை.

"படம் முடிஞ்சிருச்சுலா, வா போவோம்" என்றான் அவள் அண்ணன்.

"நீ சும்மா இரு! அப்பா இன்னும் இறங்கல."

"ஒன்னோட ஃபெரி அப்பா கடல்ல குதிச்சு நீந்தி வர்றாரு போல!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், வருவாருன்னு சொன்னீங்கல்ல? எங்கன்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். கமால் பாய் முகம் மாறிவிட்டது. "புத்தகத்தில் நான் எந்தப் பிள்ளையையும் ஏமாற்றியதில்லை" என்றார். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அப்பா வருவார், அதையும் படம் பிடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் காட்சிகளில் அப்பாவாக நடித்தவர் நடிகர் அல்ல. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த வங்காளதேசத்துக்காரர். ஞாயிறு மட்டும்தான் விடுப்பு. அந்த ஞாயிறு விடாத மழை. அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், வேலை பெர்மிட் முடிந்ததாம். படக்குழுவும் கிளம்ப வேண்டியதாயிற்று.

"அவரையும் கூட்டிக்கொண்டு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் கமால் பாய்.

வரவில்லை. அந்த மனிதரை வங்காளதேசத்தில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. வேறு ஆளை வைத்து எடுக்க மனம் ஒப்பவில்லை. படம் வெளிவராமலே நின்றுபோயிற்று. அதன் பிறகு அவர் படமும் தயாரிக்கவில்லை, கதையும் எழுதவில்லை. பதிப்பகம் ஒன்றில் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தார் என்றார் மகன்.

அன்று சாலையில் ஒரு வங்காளதேசத்துக்காரர் போனால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். இன்று எந்தத் தொழிற்சாலை பஸ்ஸிலும் அவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு பிள்ளை இருக்கலாம்... யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

பிலிம் சுருள்கள் கெடாமல் இருக்கின்றன. அப்பா வராத அந்த முடிவோடு படத்தை வெளியிட மகன் விரும்புகிறார். போட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் கோமதி நிற்கும் காட்சியைத்தான் சொல்கிறார்களாம். ஆனால் கமால் பாய் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணைக் கேட்காமல் திரையிடக் கூடாது.

இன்று காலை கோமதியிடம் பேசினேன். சிம்பாங் அம்பாட்டில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாய் போயிட்டாரா..." என்றாள். "அப்ப நான் இன்னும் அங்கயேதான் நிக்கிறேனா, அங்கிள்?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மாதக் கடைசி வரை காத்திருப்பதாக மகன் சொல்லியிருக்கிறார். இதை எழுதும் வரை அவளிடமிருந்து பதில் வரவில்லை.