ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் மூன்று தண்ணீர்

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரிய வரை சொந்தக் காரில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை நான் போனது ஊர் பார்க்க அல்ல. என்னோடு கற்பித்த மடவளை ரிஸானாவின் மகள் ஷிஃபானாவுக்கு, ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் முதல் நியமனம் கிடைத்திருந்தது. அன்றைக்கே கடமையேற்க வேண்டும். அதிபர் பன்னிரண்டரைக்கு வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் புறப்பட்டுவிடுவார் என்று முன்னரே சொல்லிவிட்டார்கள். அதற்குள் அவர் முன்னால் கையெழுத்து வைக்காவிட்டால் நியமனமே சிக்கலாகிவிடும் என்பது ரிஸானாவின் பயம்.

கண்டியில் காலை 8.15க்குப் புறப்பட்டோம். குண்டசாலை வழியாகத் திகன ஏறத்தாழ பதினாறு கிலோமீற்றர். காலை நெரிசலில் முக்கால் மணி நேரம் பிடித்தது. திகனயில் என் கொழுந்தனார் வீட்டில் அரை மணி நேரம் தங்கினோம். அவர் வளவில் ஓர் ஊற்று இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். தேநீருக்கென்று நான் எப்போதும் இரண்டு கேன் நிரப்பிக்கொள்வேன். எட்டு மாதமாக எஞ்சினுக்கும் அதையேதான் ஊற்றி வந்தேன். அன்றும் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தது, அரை லீற்றர் விட்டேன். குடிக்க இத்தனை நல்ல தண்ணீர் இரும்புக்கு என்ன கெடுதல் செய்யப்போகிறது என்று நினைத்தேன்.

தெல்தெனிய தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கி நாலு கிலோமீற்றரில் சூட்டு முள் மேலே போயிற்று. மணி 10.25. நல்லவேளை, அடுத்த வளைவிலேயே தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். நான் இறங்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"தொட்றாதீங்க டீச்சர்! மூஞ்சி வெந்துரும்!" என்று ஓடி வந்தார் கராஜ்காரர். செல்வம் பாஸ் என்று அங்கே கூப்பிடுகிறார்கள். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் முதல் சந்தேகம் அதுதான். பிறகு பார்த்தால் ஷிஃபானா என்னை வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம் ஆற வேண்டும் என்றார். நேரத்தை இழுத்துப் பெரிய வேலையாகக் காட்டுவாரோ என்று நான் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆறிய பிறகு ஒரு குழாயைக் காட்டினார். கிளிப் தளர்ந்து, கசிந்த இடத்தில் உப்புப் போல வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொருக்காக வந்தது.

"இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"திகன ஊற்றுத் தண்ணீர். சுத்தமான தண்ணீர்."

"குடிக்கத்தான் சுத்தம். அங்க பூமிக்குள்ள பூரா வெள்ளச் சுண்ணாம்புக் கல்லு. அது கரைஞ்சி தண்ணியில வருது. உள்ளயும் இப்பிடித்தான் புடிச்சிருக்கும்."

கிளிப்பை இறுக்கிவிட்டு, கூரைப் பீலியின் கீழ் இருந்த கறுப்புப் பீப்பாயிலிருந்து ஒரு வாளி மொண்டு, துணியில் வடித்தார். மழைத் தண்ணீர். மணி 11.10. அப்போதே அவரை ஊற்ற விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வாளியின் அடியில் ஓர் இலை கிடந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிரே கடையில் பெட்டரிக்கு ஊற்றும், காய்ச்சி வடித்த தண்ணீர் விற்பார்கள் என்று நானே நடந்து போய், ஒரு போத்தல் 280 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். லேபல் கோணலாக ஒட்டியிருந்தது, செய்தவர் பெயரே இல்லை. இப்போது அதிலும் சந்தேகம்.

"டீச்சர், பதினொன்னரை ஆகுது. உம்மா மூணு தரம் கோல் எடுத்துட்டாங்க. என்ன சொல்றது?" என்றாள் ஷிஃபானா.

"ரெண்டு நிமிஷம் பிள்ளை."

"ஒங்க ரெண்டு நிமிஷத்த நான் ஏழாம் வகுப்புலேயே பாத்திட்டேன் டீச்சர்."

அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியின் எவர்சில்வர் மூடியை வாங்கினேன். மூன்று இடத்தில் மூன்று தண்ணீரிலும் சில துளி விட்டு, பாஸ் தேநீர் போடும் அடுப்பின் மேல் குறட்டால் பிடித்தேன். வகுப்பில் இதை எத்தனை தரம் செய்து காட்டியிருப்பேன்! தண்ணீர் வற்றியது. என் ஊற்றுத் தண்ணீர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வட்டம். கடைப் போத்தலிலும் மெல்லிய வட்டம் விழுந்தது. அதில் என் சந்தேகம் சரிதான். மழைத் தண்ணீர் இருந்த இடத்தில் கரித்தூசி ஒன்றைத் தவிர எதுவுமில்லை.

"இப்ப ஊத்தவா? இல்ல பரீட்ச இன்னும் இருக்கா?" என்றார் பாஸ். ஷிஃபானா வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஐந்நூறு ரூபாய்தான். "கண்டிக்குப் போனதும் உள்ள கழுவிட்டு, கூலன்ட் போட்டுக்கங்க. இது தற்காலிகந்தான்" என்றும் சொல்லி அனுப்பினார்.

11.50க்குப் புறப்பட்டோம். முள் நடுவிலேயே நின்றது. ஹுன்னஸ்கிரிய தாண்டித் தோட்ட வீதியில் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது, குழிகள். பாடசாலை வாயிலில் அதிபர் தலைக்கவசம் மாட்டி, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தி, கவசத்தைக் கழற்றி, அலுவலகத்தைத் திறந்து வரவுப் பதிவேட்டை எடுத்து வைத்தார்.

"நேரம் பன்னிரண்டரைன்னே போடுங்க மிஸ். முதல் நாள்தானே."

ஷிஃபானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 12.41 என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். அதிபர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நல்லது" என்றார். தாமதமான அந்தப் பதினொரு நிமிடங்களும் என்னுடையவை. ஆனால் அவள் பெயருக்கு நேரே நிற்கின்றன.

அன்று நான் கராஜ்காரரை, பீப்பாயை, போத்தலை எல்லாம் சந்தேகித்தேன். எட்டு மாதமாக நானே சுமந்த கேனை மட்டும் சந்தேகிக்கவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எஞ்சினுக்கு உரியது, காரின் கையேடு சொல்லும் கூலன்ட். கலக்காத கெட்டி வகையை வாங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரில் கையேட்டில் உள்ள அளவுக்குக் கலக்குங்கள். ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைச் சேர்க்காதீர்கள். வழியில் வேறு வழியில்லாவிட்டால் சுத்தமான மழைத் தண்ணீர் ஊற்றி ஊர் சேரலாம், அது கிடைக்காவிட்டால் எந்த நல்ல தண்ணீரும் உதவும். ஆனால் வந்ததும் கழுவி மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே வேண்டாம். அடிக்கடி குறைந்தால் தண்ணீரை அல்ல, கசிவைத் தேடுங்கள். வாங்கிய போத்தலில் சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி எடுத்து வற்ற வைத்துப் பாருங்கள். அதை முதல் நாள் மாலை வீட்டு அடுப்பிலேயே செய்துவிடுங்கள். பக்கத்து இருக்கையில் ஒருவருடைய வேலை காத்துக்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள்.