க்ளோவிஸின் கழுத்துச் சாவி

மருந்துக் கடைக் கதவின் மணி அடித்தால் க்ளோவிஸின் கை முதலில் தன் கழுத்துக்குத்தான் போகும். அங்கே கறுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்குகிறது. சாவி இருக்கிறதென்று உறுதியானதும், முதுகுக்குப் பின்னாலிருக்கும் இரும்பு அலமாரியின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பூட்டியது பூட்டியபடியே இருக்கும். அதற்குப் பிறகுதான், "வாங்க வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று வாய் நிறையச் சிரிப்பார்.

அந்த அலமாரிக்குள் அடைபட்டிருப்பவற்றில் ஒன்று வயிற்றுப்புண் மாத்திரை. மூட்டுவலி மருந்து தின்று வயிறு புண்ணாகிப்போன கிழடுகள் விழுங்குவது. இத்தனை காலம் இருமல் மருந்துக்குப் பக்கத்தில், திறந்த தட்டில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதே மாத்திரையால் கருவும் கலையும் என்பது மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜில் உட்கார்ந்திருக்கும் சட்டசபைக் கனவான்களின் காதுக்கு எட்டியது. கை தூக்கிச் சட்டம் போட்டார்கள். போதை மருந்துகளோடு சேர்த்து அதையும் உள்ளே தள்ளிவிட்டு, நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

"மாத்திரை கெட்டுப்போகல. அது பேருதான் கெட்டுப்போச்சு. நான் என்ன பண்ண?" என்பார் க்ளோவிஸ்.

பொல்லாத மனிதர் இல்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலய வாசலில் வியர்க்க வியர்க்கக் கெளுத்தி மீன் பொரிப்பவர் அவர்தான். ஊரில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார். புதுச் சட்டத்தை அவரும் படிக்கத்தான் செய்தார். 'சிறை' என்ற சொல் வந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். மீதியைப் பயமே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. மருந்துச் சீட்டில் காரணம் எழுதியிருக்கவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது க்ளோவிஸ் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. ஆகவே எல்லாரிடமும் கேட்பார், "எதுக்கு?"

போன வெள்ளிக்கிழமை மிஸ் அல்ஃபோன்சீனிடமும் கேட்டார். எண்பதைத் தாண்டியவள்; இந்த ஊரில் மரியாதைக்கு எல்லாக் கிழவிகளும் 'மிஸ்'தான். அவள் மகன் வேட்தான் இந்தத் தொகுதியின் சட்டசபை உறுப்பினர்.

"எதுக்கா? மாசாமாசம் வாங்குறேன், தெரியாதா உனக்கு?"

"தெரியும் மிஸ் அல்ஃபோன்சீன். இருந்தாலும் கேக்கணும். நீங்க... வந்து... கர்ப்பமா இல்லையே?"

"இருந்தா உன்கிட்டயா வருவேன்? நேரா பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுவேன், அற்புதம்னு மணி அடிக்கட்டும்! சட்டசபையில கை தூக்கினானே எம்மவன், அவன்கிட்டக் கேளு, அவங்கம்மா வயித்துல என்ன இருக்குன்னு."

காது சிவந்து, அவர் அலமாரியைத் திறந்து, மாத்திரைப் புட்டியைக் கொடுத்துவிட்டு, மறுபடி பூட்டினார். கிழவி அங்கிருந்த நாற்காலியில் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. கை கழுத்துக்குப் போயிற்று. வந்தவள் நோலீ. சிறு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்தவர் க்ளோவிஸ். அவள் கணவன் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது அவளால்.

அவள் நீட்டிய மருந்துச் சீட்டை க்ளோவிஸ் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எதுக்குன்னு டாக்டர் எழுதலியேம்மா."

"குழந்தைக்குத் துடிப்பு நின்னுபோச்சு, மிஸ்டர் க்ளோவிஸ்." குரல் தணிந்திருந்தது. "ஆனா இன்னும் உள்ளயே இருக்கு. சீக்கிரம் வெளிய வரலைன்னா சீழ் வெச்சிரும், உன் உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு."

அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு டாக்டருக்குப் போன் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். வெள்ளிக்கிழமை பிற்பகலில் இந்த ஊர் டாக்டர் எந்த வீட்டுக் கொல்லையில் நண்டும் இறாலும் வேகவைத்துக்கொண்டிருப்பாரோ, யார் கண்டது?

"திங்கக்கிழமை காலைல முதல் ஆளா வந்துரு கண்ணு. நான் உனக்காக வேண்டிக்கறேன்."

நோலீ சீட்டை எடுத்து மடித்தாள்.

"வேண்டிக்கறானாம்!" நாற்காலியிலிருந்து குரல் வந்தது. மிஸ் அல்ஃபோன்சீன் எழுந்து வந்து, சற்றுமுன் வாங்கிய புட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்து, மேசைமேல் நோலீயின் முன்னால் வைத்தாள். "உனக்கு எழுதியிருக்கிற அதே மாத்திரைதான். எப்படிச் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாரில்ல? எடுத்துட்டுப் போடி கண்ணு."

"மிஸ் அல்ஃபோன்சீன், இது குத்தம்!" க்ளோவிஸ் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் ஜெயில், உங்களுக்கும் ஜெயில்!"

"எம்மவன் கட்டின ஜெயிலு, நல்லாத்தான் இருக்கும். இப்ப நீ பாத்ததைப் போய்ச் சொல்லப்போறியா?"

நோலீ புட்டியைத் தொடவில்லை. க்ளோவிஸின் முகத்தையே பார்த்தாள். கிழவியும் பார்த்தாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது சாமியாரா மாடா என்று தெரியாது அவருக்கு, ஊரறிந்த சங்கதி. க்ளோவிஸ் மெதுவாகத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தன் வெள்ளை அங்கியின் நுனியை இழுத்து, ஒரு பக்கத்தைத் துடைத்தார். மறுபக்கத்தையும் துடைத்தார். அழுக்கு ஏதும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மேசைமேல் புட்டி நகரும் சத்தம். பிறகு கதவு மணி அடித்தது. அவர் கை கழுத்துக்குப் போகவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தது.