அக்ரூட் மரத்துக்கு ஜாமீன்

"இந்த வருஷமும் நிழல் மட்டும்தானா? வெக்கமா இல்ல உனக்கு? வெட்டி அடுப்புல வெச்சாத்தான் புத்தி வரும்." மஷ் சஃபர் கோடரியை ஓங்கிக்கொண்டு ஒரு பேரி மரத்தை வைதுகொண்டிருக்கிறார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் கையில் தேநீர்க் குவளையோடு ஓடி வந்து குறுக்கே நிற்கிறார். "விட்டுடுங்க மஷ் சஃபர். அடுத்த வருஷம் கண்டிப்பா காய்க்கும். நான் ஜாமீன்." கோடரி இறங்குகிறது. அதன் பின்பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டு. "இவர் மூஞ்சிக்காக விடுறேன்" என்று மரத்திடம் சொல்லிவிட்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துத் தேநீரை உறிஞ்சுகிறார்.

கான்சார் என்ற அந்த மலையூரில் பனி உருகத் தொடங்கியதும் நடக்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. காய்க்காத மரத்தை மிரட்ட ஒருவர், அதற்கு ஜாமீன் நிற்க ஒருவர். ஜாமீன் நிற்க வீட்டில் யாராவது போதும். மிரட்டுவதற்கு மஷ் சஃபரை விட்டால் ஆளில்லை. ஒட்டிய புருவம், கல்லுடைக்கிற குரல், ஆளும் ஆறடி. ஐம்பத்தெட்டு வயதில் அவர் கத்தினால் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் இன்றும் சுவரேறிவிடும். மனைவி குல்நிஸா மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. "இவரா? வீட்டுல ஒரு கோழியை அறுக்கணும்னா அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுவாரு" என்பாள். பொய்யில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கோடரி தூக்குகிறவர், காய்க்கிற ஜாதி மரம் ஒன்றையும் இதுவரை சாய்த்ததில்லை.

மிரட்டுவது அரை நாழிகை வேலை. மற்றபடி அவர் சாதாரணத் தோட்டக்காரர். ரோஜாவைக் கவாத்து செய்யும்போது "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோங்கம்மா" என்று செடிக்கு மரியாதை கொடுப்பார். திராட்சைக் கொடிக்கு மரியாதை கிடையாது, அதோடு வாடா போடா. கேட்டால், "ரோஜா பெரிய இடத்துப் பொண்ணு, கொடி நம்ம பய" என்று நியாயம் சொல்வார். குல்லாயில் எப்போதும் இரண்டு முழம் சணல் கயிறு சுருட்டி வைத்திருப்பார். பேச்சுவார்த்தை நடக்கும்போது கூலியைத் தவிர எல்லாவற்றையும் பேசுவார்.

இந்த வருஷம் மனிதர் மாட்டிக்கொண்டது ஃபரங்கீஸ் கானும் வீட்டில்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை; ‘கானும்’ என்பது அங்கே பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல். மஷ் சஃபரின் மகளுக்கு எழுத்துக் கூட்டப் பழக்கியவர். அவருடைய கணவர் ஹிஷ்மத் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கையோடு முற்றத்து மூலையில் ஓர் அக்ரூட் கன்று வைத்தார். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மரம் வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது, ஆனால் காய் ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷமாக மஷ் சஃபர் மிரட்டினார், மூன்று வருஷமும் ஹிஷ்மத்தே ஜாமீன். அந்த மனிதர் ஜாமீன் நிற்கிற அழகைப் பார்க்கவே அண்டை அயல் கூடும். போன வருஷம் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என் தாடியை அடகு வெக்கிறேன், காய்க்கலைன்னா மழிச்சுக்கோங்க" என்றார். சிரித்துச் சிரித்து மஷ் சஃபருக்குக் கோடரி கை நழுவிவிட்டது.

அதற்கடுத்த இலையுதிர் காலத்தில், ஊரெல்லாம் அக்ரூட் தட்டி, பச்சைத் தோலின் சாறு பட்டு எல்லார் விரலும் கறுத்துக் கிடந்த வாரத்தில், ஹிஷ்மத் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய மரத்தில் அந்த வருஷமும் ஒன்றுமில்லை.

அங்கே வசந்தத்தின் முதல் நாளில் பிறக்கிற புது வருஷத்துக்குப் பத்து நாள் முன்பு ஃபரங்கீஸ் கானும் ஆளனுப்பினார். கறுப்பு உடையில் வாசலிலேயே நின்று பேசினார். "இந்தத் தடவை வேஷமெல்லாம் வேண்டாம் மஷ் சஃபர். நிஜமாவே வெட்டிடுங்க. ஜாமீன் நின்ன மனுஷனே போய்ச் சேர்ந்துட்டாரு. இது மட்டும் எதுக்கு நிக்கணும்?"

துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம், அதுவும் ஆசிரியையிடம், முடியாது என்று எப்படிச் சொல்வது? "சரி கானும்" என்றுவிட்டார். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வெட்டினால் நண்பன் கையால் வைத்த மரம் போகும், கோபம் தணிந்தபின் அந்த அம்மா வெறும் மூலையைப் பார்த்து அழுவார். வெட்டாவிட்டால் கொடுத்த வாக்கு போகும். "முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லிட்டு வர்றதுதானே?" என்றாள் குல்நிஸா. முகத்துக்கு நேராக அவர் மரங்களிடம்தான் பேசுவார்.

ஆகவே மனிதர் வேலையை இழுக்கத் தொடங்கினார். "மொதல்ல ரோஜாவைக் கவாத்து பண்ணிடறேன் கானும், மொட்டு வந்துட்டா கஷ்டம்." கவாத்து செய்தார். பிறகு, குளிருக்கு மண்ணில் புதைத்து வைத்திருந்த திராட்சைக் கொடியைத் தோண்டி எடுத்துப் பந்தலில் ஏற்றினார். வாய்க்காலில் குளிர்காலத்துச் சேறு அள்ளினார். மாதுளை, ஆப்ரிகாட் இரண்டுக்கும் வட்டப் பாத்தி கட்டி ஆட்டெரு போட்டார். அடிமரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். அக்ரூட்டுக்கும் சேர்த்துத்தான் அடித்தார். "வெட்டப் போற மரத்துக்கு எதுக்குச் சுண்ணாம்பு?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, மிச்சமிருந்தது, வீணாக்க மனசு வரவில்லை என்று ஏதோ முணுமுணுத்தார். வெங்காயம் நட்டார். கீரை விதைத்தார். விதைத்த கீரை சரியில்லை என்று கிளறிவிட்டு மறுபடி விதைத்தார். புது வருஷம் வந்து போனது, பதின்மூன்றாம் நாள் வழக்கப்படி ஊரே ஆற்றங்கரைக்குப் போய்க் கஞ்சி குடித்துத் திரும்பியது. கான்சாரில் அந்த வருஷம் அவ்வளவு சுத்தமான தோட்டம் வேறெங்கும் இல்லை. வேறு வீடுகளிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஒரு காலையில் ஃபரங்கீஸ் கானும் படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னைக்கு" என்றார்.

மஷ் சஃபர் கோடரியோடு போய் மரத்தின் முன் நின்றார். தளிர் அப்போதுதான் செம்பழுப்பில் விரியத் தொடங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் செய்தார். "காய்க்கிறியா, இல்ல அடுப்புக்குப் போறியா?" குரல் பாதியில் உடைந்தது. கோடரியை ஓங்கினார். ஓங்கியபடியே காத்திருந்தார். யாரும் ஓடி வரவில்லை. கீரைத் தண்டு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது. "பன்னெண்டு வருஷம் பொறுத்தாச்சு. இன்னைக்கு விட மாட்டேன்" என்று இன்னொரு தரம் கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஜாமீனுக்கு யாரும் இல்லையா கானும்?"

"இல்ல" என்றார் ஃபரங்கீஸ் கானும், தலை நிமிராமல்.

மஷ் சஃபர் கோடரியை இறக்கினார். முற்றத்தைக் கடந்து வந்து, கீரைத் தட்டை மெல்ல நகர்த்திவிட்டுக் கோடரிக் காம்பை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நீங்க மிரட்டுங்க." பிறகு திரும்ப நடந்து போய், சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுவதைப் பொருட்படுத்தாமல் மரத்தில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"விட்டுடுங்க கானும். இந்த ஒரு வருஷம். நான் ஜாமீன்."

ஃபரங்கீஸ் கானும் எழுந்து வந்தார். கோடரியைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை, ஆனால் பிடித்திருந்தார். முகத்தில் ஆறு மாதத்துக் கோபம் அப்படியே இருந்தது. "முன்ன நின்னவரும் இதைத்தான் சொன்னாரு. சொல்லிட்டுப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு."

"நான் போக மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது யாராலும் கொடுக்க முடியாத வாக்கு என்று அவருக்கு உறைத்தது. திருத்தலாமா என்று வாயைத் திறந்தார், அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறடி ஆள் மரத்தோடு மரமாக அழுதுகொண்டு நின்றார். அந்த அம்மாவும் அழுதார். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது.

"காய்க்குதோ இல்லையோ" என்றார் ஃபரங்கீஸ் கானும் கடைசியில், "அடுத்த வருஷம் இதே நாளு ஜாமீன்காரர் இங்க வந்து நிக்கணும். புரியுதா?" வகுப்பில் பையன்களிடம் பேசுகிற குரல். மஷ் சஃபர் தலையாட்டினார்.

கோடரியை வாங்கிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். அடுத்த தெருவில் ஒரு பிளம் மரம் மூன்று வாரமாகக் காத்திருந்தது. நாலு எட்டு வைத்திருப்பார், முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சிதறுகிற சத்தம் கேட்டது. தொலைதூரம் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று வீட்டிலிருப்பவர்கள் வழியில் ஊற்றுகிற தண்ணீர் அது. அடுத்த தெருவுக்குப் போகிற தோட்டக்காரருக்கு யாரும் ஊற்றுவதில்லை. ஃபரங்கீஸ் கானும் வாசலில் கிண்ணத்தோடு நின்றிருந்தார். கிண்ணத்தின் அடியில் தங்கியிருந்த கொஞ்சத்தையும் கவிழ்த்து, ஒரு சொட்டு விடாமல் உதறினார்.